பெட்டி எப்போது வரும்?

பெயரில்தான் அது சென்னை விமான நிலையம். அதன் எதிரில் மின்சார ரயில் நிற்கிற திரிசூலம், செங்கல்பட்டு மாவட்டத்தின் பல்லாவரம் வட்டத்தைச் சேர்ந்த ஊர். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறவர்கள் தள்ளுவண்டியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வெளியே வர ஒரு வாசல் இருக்கிறது. அதே விமானத்தின் வயிற்றில் வந்த இன்னொரு பெட்டிக்கு வழி வேறு. மீனம்பாக்கம் பக்கத்துச் சரக்கு வளாகத்தில், கையில் கோப்புடன் இரண்டு மூன்று ஆண்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். பெரும்பாலும் அண்ணன், மைத்துனன், ஊர்ப் பெரியவர் ஒருவர். வெளியே அமரர் ஊர்தி நிற்கும். காகிதங்கள் சரிபார்க்கப்பட்டதும் வண்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஏறி, தாம்பரம், கூடுவாஞ்சேரி, பரனூர் சுங்கச்சாவடி, செங்கல்பட்டு என்று தெற்கே போகும். கல்பாக்கம் பக்கத்துக் குப்பங்களுக்கென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. மாமல்லபுரத்தைத் தாண்டியதும் சொந்த மண் வந்துவிடும்.

துபாயிலிருந்து சென்னைக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். சிங்கப்பூரிலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அங்கே உயிர்விட்டவரின் உடல் வீடு வந்து சேரச் சிலருக்கு மூன்று நாள் ஆகிறது, சிலருக்கு மூன்று வாரம், சிலருக்கு மாதங்கள். இந்த வித்தியாசத்துக்குத் தூரம் காரணமில்லை. அங்கே யார் கையெழுத்துக்காக எந்தக் காகிதம் காத்துக்கிடக்கிறது, அதை யார் பின்தொடர்கிறார்கள் என்பதே காரணம். சாவு வீட்டுக்குத் தெரியாத கணக்கு இது. தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கும் இதுவே.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். 2014 முதல் 2019 நவம்பர் வரை ஆறு வளைகுடா நாடுகளில் 33,988 இந்தியத் தொழிலாளர்கள் இறந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. சராசரியாக நாளொன்றுக்குப் பதினைந்து பேருக்கும் மேல். மாரடைப்பு, சாலை விபத்து, கட்டுமானத்தில் விழுதல், தற்கொலை எனக் காரணங்கள் பல. இவற்றில் மிகச் சிலதான் செய்தியாகின்றன.

செய்தியான ஒன்றைப் பார்ப்போம். 2024 ஜூன் 12 அதிகாலை. குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து, இந்தியர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மத்திய இணை அமைச்சர் கீர்த்தி வர்தன் சிங் குவைத்துக்குப் பறந்தார். முகம் தெரியாமல் கருகியவர்களை அடையாளம் காண மரபணுச் சோதனை தேவைப்பட்டது. அப்படியிருந்தும் ஜூன் 14 காலையில் விமானப்படையின் சி-130ஜே விமானம் 45 உடல்களுடன் கொச்சியில் இறங்கிவிட்டது. அங்கே இறக்கப்பட்டவை 31. கேரளத்தவர் 23 பேர், தமிழ்நாட்டவர் 7 பேர், கர்நாடகத்தவர் ஒருவர். தமிழ்நாட்டு அரசின் சார்பில் அமைச்சர் செஞ்சி மஸ்தான் கொச்சிக்குப் போய் ஏழு பெட்டிகளையும் பெற்று, அவரவர் ஊருக்கு ஊர்தியில் அனுப்பிவைத்தார். இரண்டே நாள்!

புகழும் பணமும் உள்ளவர்களுக்கு? 2018 பிப்ரவரி 24 இரவு துபாயில் நடிகை ஸ்ரீதேவி இறந்தார். தடய மருத்துவ அறிக்கை, காவல்துறை விசாரணை, அரசு வழக்குத் தொடுப்புத் துறையின் ஒப்புதல், பிறகு துபாயின் முஹைஸ்னா பகுதியில் உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங். எல்லாம் முடிந்து தனி விமானம் மும்பையில் இறங்கியபோது 27ஆம் தேதி இரவு. அவருக்கும் எந்தப் படியும் தவிர்க்கப்படவில்லை. ஒவ்வொரு படியிலும் கேட்பதற்கு ஆள் நின்றது, அவ்வளவே.

தனியாகப் போய், தனியாகத் தங்கி, தனியாக இறந்த ஒரு கொத்தனாருக்கு அப்படி ஆள் நிற்பதில்லை. அவருடைய உடல் மருத்துவமனைப் பிணவறையின் குளிர்பெட்டியில் இருக்கும். முதலாளிக்கு அவசரமில்லை. அறைத் தோழர்களுக்கு வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போகும். ஊரில் மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வாட்ஸ்அப் எண்.

அங்கே நடக்க வேண்டியது இதுதான். மருத்துவமனையோ காவல்துறையோ முதலில் இறப்பை உறுதிசெய்து அறிக்கை தரும். மருத்துவமனையில் நோயால் இறந்தால் சிக்கல் குறைவு. அறையிலோ வேலையிடத்திலோ சாலையிலோ இறந்தால் காவல்துறை விசாரணை முடிய வேண்டும். வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் தடய மருத்துவர் உடலை வெளியிலிருந்து பார்த்தே அறிக்கை எழுதுவார். சந்தேகம் இருந்து அரசு வழக்குரைஞர் உத்தரவிட்டால்தான் அறுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு அந்த நாட்டு இறப்புச் சான்றிதழ். அதையும் பாஸ்போர்ட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தால், இந்தியத் தூதரகம் இறப்பைப் பதிந்து, பாஸ்போர்ட்டை ரத்துசெய்து, உடலைக் கொண்டுபோகத் தடையில்லை என்று சான்று தரும். பேச்சுவழக்கில் ‘எம்பசி என்.ஓ.சி.’. விசா ரத்து, எம்பாமிங், சவப்பெட்டி, விமானத்தில் சரக்குப் பதிவு எல்லாம் அதற்கு அப்புறம்.

சவூதி அரேபியாவில் இன்னொரு முடிச்சு உண்டு. உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்று சட்டப்படியான வாரிசு எழுதிக் கொடுக்க வேண்டும். முத்திரைத்தாளில், நோட்டரி கையெழுத்துடன், எல்லாவற்றையும் முன்னின்று செய்ய யாருக்கு அதிகாரம் தருகிறார்கள் என்ற விவரத்துடன் அது தூதரகத்துக்குப் போக வேண்டும். நேற்றுக் கணவனை இழந்த பெண் இன்று முத்திரைத்தாள் வாங்க மதுராந்தகத்துக்கோ திருக்கழுக்குன்றத்துக்கோ பஸ் ஏற வேண்டும் என்று பொருள். அந்த ஒரு தாள் போகாததால் வாரக்கணக்கில் பிணவறையில் கிடக்கிற உடல்கள் உண்டு. அங்கே தகனத்துக்கு அனுமதி கிடையாது. எரிக்கும் வழக்கமுள்ள குடும்பம் உடலைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். இஸ்லாமியக் குடும்பங்களில் நிலைமை வேறு. காலம் தாழ்த்தாமல் அடக்கம் செய்வதே மார்க்கம் என்று பலர் அங்கேயே நல்லடக்கத்துக்குச் சம்மதிக்கிறார்கள். மக்கா, மதீனா மண்ணில் அடக்கம் கிடைப்பதைப் பேறாகக் கருதுகிற வீடுகளும் உண்டு.

செலவு யாருடையது? இதை அறியாமல் கடன் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு, தொழிலாளியின் உடலைத் தயார்செய்து ஊருக்கு அனுப்பும் செலவை முதலாளி மேல் வைக்கிறது. சிங்கப்பூரிலும் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் இறந்தால் உடலை அனுப்பும் செலவு முதலாளியின் பொறுப்பு. முதலாளி கைவிரித்தாலோ, தொழிலாளி வேலையை விட்டு ஓடியவர் என்று ‘ஹுரூப்’ பதியப்பட்டிருந்தாலோ, இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இருக்கிற இந்தியச் சமுதாய நல நிதியைக் கேட்கலாம். அந்த நிதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? தூதரகத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் சான்றொப்பம் வாங்கவும் வருகிறவர்களிடம் சேவைக்குச் சேவை வாங்கும் சிறு கட்டணத்திலிருந்து. உழைக்கப் போனவர்களின் காசு அது. கூச்சப்படாமல் கேட்கலாம், கேட்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளம் 2015இல் வந்தது. அதில் புகார் பதிந்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண் கையில் இருந்தால், அதை வைத்து ஒவ்வோர் அலுவலகத்திலும் பதில் கேட்கலாம்.

இவ்வளவையும் குடும்பத்துக்குப் பதிலாகச் செய்யும் மனிதர்கள் சிலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அஜ்மானில் வாழும் அஷ்ரஃப் தாமரச்சேரி அவர்களில் பெயர் பெற்றவர். கேரளத்துக்காரர். எந்த நாடு, எந்த மதம் என்று பார்க்காமல் ஆயிரக்கணக்கான உடல்களை ஊருக்கு அனுப்பிவைத்தவர். ஸ்ரீதேவிக்கான காகிதங்களிலும் உதவியவர். 2015இல் இந்திய அரசு அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது கொடுத்தது. தமிழர் சங்கங்களிலும் தொழுகைப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் இப்படிப் பெயர் வெளியே தெரியாத தொண்டர்கள் இருக்கிறார்கள். ஒரு தனிமனிதர் தன் வேலையை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினால்தான் உடல் வீடு போகும் என்ற நிலை, அவருக்குப் பெருமை. முறைக்குப் பெருமை இல்லை.

எம்பாமிங் பற்றி ஊரில் பல பேச்சு. ‘உள்ளே எல்லாத்தையும் எடுத்துட்டு பஞ்சு வச்சிடுவாங்க’ என்பார்கள். அப்படியில்லை. கழுத்திலோ தொடையிலோ உள்ள தமனியைத் திறந்து, ஃபார்மால்டிஹைடு கலந்த திரவத்தை ரத்தக் குழாய் வழியாக உடல் முழுக்கச் செலுத்துகிறார்கள். அது திசுக்களின் புரதங்களை இறுக்கிக் கட்டிவிடும். அழுகச் செய்யும் நுண்ணுயிரிகள் வேலைசெய்ய முடியாது. உடல் பல நாள் தாங்கும். கண் எரிகிற அந்த நெடி ஃபார்மலினுடையது. சிலர் நினைப்பதுபோல அது அழுகலின் நாற்றமில்லை. பிறகு காற்றுப் புகாத உள்பெட்டி, பெரும்பாலும் துத்தநாகத் தகடு, ஈயப்பற்று வைத்து மூடியது. அதற்கு மேல் மரப்பெட்டி. விமானச் சரக்கு மொழியில் இதற்கு ‘ஹெச்.யு.எம்.’ என்று தனிக் குறியீடு உண்டு. உணவுப் பொருளோடும் உயிருள்ள விலங்குகளோடும் சேர்த்து அடுக்கக் கூடாது என்று விதி. மேலே அமர்ந்திருக்கும் பயணிகளுக்குக் கீழே ஒருவர் ஊர் திரும்புகிறார் என்பது பெரும்பாலும் தெரியாது.

அந்தப் பெட்டியை எடைபோட்டுக் கட்டணம் வாங்கிய காலம் வெகு தூரத்தில் இல்லை. கிலோவுக்கு இத்தனை திர்ஹம் என்று. உழைத்து அனுப்பிய மனிதனைத் தராசில் ஏற்றுவதா என்று வளைகுடா இந்தியர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2019 ஜனவரியில்தான் ஏர் இந்தியா ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து எந்த ஊருக்கானாலும் ஒரே கட்டணம், பெரியவர்களுக்கு 1,500 திர்ஹம், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதில் பாதி என்று அறிவித்தது. போராடியவர்களில் பெரும்பாலோர் சாதாரணச் சம்பளக்காரர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இங்கே வீட்டில் நடப்பதை எந்த விதியும் கணக்கில் எடுப்பதில்லை. தமிழ்நாட்டு வழக்கில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. உடல் வாசல் தாண்டும்வரை உறவினரும் அக்கம்பக்கமும்தான் சோறு கொடுப்பார்கள். ஒரு நாளுக்கு, மிஞ்சினால் இரண்டு நாளுக்கு வகுத்த ஒழுங்கு இது. இருபது நாள் பெட்டி வராவிட்டால் என்ன செய்வது? பந்தல் போட்டுப் பிரித்த வீடுகள் உண்டு. தாலி எப்போது கழற்றுவது, பூ எப்போது எடுப்பது என்று தெரியாமல் அந்தப் பெண் நடுவில் நிற்கிறாள். உடல் இல்லாமல் ஒப்பாரி வராது, வந்தால் நிற்காது. பதினாறாம் நாள் காரியத்தை இறந்த நாளிலிருந்து எண்ணுவதா, எரித்த நாளிலிருந்தா என்று பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். பல ஊர்களில் உடல் அடக்கமான நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். ‘அண்ணி, இன்னைக்கு எம்பசிக்குப் பேப்பர் போயிடுச்சாம்’ என்று தம்பிமார் தினம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருப்பார்கள். உண்மையிலேயே போயிற்றா என்பது அவர்களுக்கே தெரியாது. இதற்குள் ஒரு முகவர் போன் செய்து, இரண்டு லட்சம் கொடுத்தால் நாளையே அனுப்பிவிடலாம் என்பான். நகை அடகுக்குப் போகும் கட்டம் இது. தூதரகத்திடம் நேரடியாகக் கேட்காமல் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

காத்திருப்பின் கொடுமை கொரோனா ஊரடங்கில் உச்சம் தொட்டது. 2020 ஏப்ரல் 23 அன்று அபுதாபியிலிருந்து மூன்று இந்தியர்களின் உடல்கள் டெல்லிக்கு வந்தன. மூவரும் கொரோனாவால் இறந்தவர்கள் அல்லர். காகிதங்கள் சரியாக இருந்தன. ஆனால் உடல்களை அனுமதிக்கத் தெளிவான ஆணை இல்லை என்று, விமானத்திலிருந்து இறக்காமலேயே அபுதாபிக்குத் திருப்பி அனுப்பினார்கள். சொந்த நாட்டின் ஓடுதளத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போன உடல்கள்! எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, இரண்டு நாளில் உள்துறை அமைச்சகம் வழிமுறை வெளியிட்டது. அந்த ஆணையை ஏப்ரல் 22ஆம் தேதியே எழுதியிருக்க முடியும்.

சென்னையில் உடலை இறக்க விமான நிலையச் சுகாதார அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அது பார்ப்பது நான்கு தாள்கள்: இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் சான்றிதழ், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்தான பாஸ்போர்ட்டின் நகல். 2017இல் உடல் வருவதை 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு கெடுபிடி வந்து, வளைகுடாவில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது, பிறகு தளர்த்தினார்கள். 2023 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் ‘இ-கேர்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் அங்கே தாள்களை ஏற்றி அனுமதி வாங்கலாம். பெட்டியைப் பெற்றுக்கொள்ளப் போகிறவரின் பெயர் விமானச் சரக்குச் சீட்டான ஏர்வே பில்லில் இருக்க வேண்டும். அவரே அடையாள அட்டையோடு வர வேண்டும். அண்ணன் பெயர் எழுதியிருக்கத் தம்பி போய் நின்று நாள் முழுக்க அலைவது சாதாரணமாக நடக்கிறது. ஆதாரில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லிவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

மீனம்பாக்கத்திலிருந்து வீடு வரை இப்போது கட்டணம் இல்லை. அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம், கேட்டால் அமரர் ஊர்தி ஏற்பாடு செய்து தருகிறது. வெளிநாட்டிலேயே சிக்கிய உடலுக்குத் தூதரகத்துடன் கடிதப் போக்குவரத்தும் நடத்துகிறது. அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு அடையாள அட்டையும் விபத்துக் காப்பீடும் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்று சொல்வார்கள். சாவு திங்கட்கிழமை பார்த்து வருவதில்லை. வெளிநாட்டு இறப்பு என்றால் எந்தக் கிழமையும் ஆட்சியரின் நேர்முக உதவியாளரைப் பார்க்கலாம். பார்க்க முடிய வேண்டும்.

வீட்டில் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஈயப்பற்று வைத்த தகடு கையால் திறக்காது, வெட்டுக் கருவி வேண்டும். பெட்டியை அப்படியே எரிவாயுத் தகனமேடையில் ஏற்ற முடியாது, உடலை எடுத்துத்தான் ஆக வேண்டும். தீக்காயமோ நீண்ட தாமதமோ இருந்தால், முகம் பார்க்கலாமா என்பதை ஓர் ஆண் உறவினர் மட்டும் முதலில் பார்த்து முடிவு செய்வது வழக்கமாகிவருகிறது. அந்த வழக்கத்தில் மாற்றம் தேவை. பார்ப்பதா வேண்டாமா என்பது மனைவியின், தாயின் உரிமை. உள்ளே எப்படி இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டு அவர்களிடமே விட்டுவிடலாம்.

இதே செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து வேறு விதமாகப் போகிறவர்களும் உண்டு. சிறுசேரியின் மென்பொருள் நிறுவனங்களிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறவர்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் நிறுவனக் காப்பீடு இருக்கும். அங்கே இறுதிச் சடங்கு நிறுவனங்களே எல்லாக் காகிதங்களையும் பார்த்துக்கொள்ளும், ஆனால் செலவு மிக அதிகம். அதனால் பலர் அங்கேயே தகனம் செய்து அஸ்தியைக் கொண்டுவருகிறார்கள். தகனச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் தூதரகச் சான்றும் இருந்தால் அஸ்தியைக் கையிலேயே விமானத்தில் கொண்டுவரலாம். கலசம் உலோகமாக இல்லாமலிருந்தால் எக்ஸ்ரே சோதனையில் சிக்கல் வராது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் இன்னொரு கூட்டம். 1957இல் அங்கே தொடங்கிய சிற்பக் கலைக் கல்லூரியிலும் பட்டறைகளிலும் தொழில் கற்றவர்கள், தமிழர் குடியேறிய நாடுகளில் கோயில் கட்டப் பல மாதங்கள் போய்த் தங்குகிறார்கள். அழைப்பது கம்பெனி இல்லை, ஒரு கோயில் அறக்கட்டளை. புறப்படும் முன் காப்பீடு யார் எடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது அவர்களுக்கு மிகவும் அவசியம்.

இந்தக் கடற்கரைக்கு எதிர்த்திசை அனுபவமும் உண்டு. 2021-22இல் இந்தியாவின் கட்டணம் வசூலிக்கும் தொல்லியல் சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் வந்த இடம் மாமல்லபுரம். 1,44,984 பேர். தாஜ்மகாலைவிட அதிகம். வருகிறவர்களில் சிலர் அலையில் சிக்கியோ, விடுதியில் மாரடைப்பிலோ இறந்துபோவதுண்டு. அப்போது ஏதோ ஒரு நாட்டிலிருக்கும் ஒரு தாய்க்கு நாம்தான் ‘வெளிநாடு’. காவல்துறை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் வழக்குப் பதிந்து, உடலை செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும். 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உடன்படிக்கை, 37ஆம் உறுப்பு, வெளிநாட்டவர் இறந்தால் தாமதமின்றி அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. இந்தியாவும் அதற்குக் கட்டுப்பட்ட நாடு. பிறகு உடற்கூறாய்வு அறிக்கை, காவல்துறைத் தடையில்லாச் சான்று, வெளிநாட்டவர் பதிவு அலுவலகம், எம்பாமிங், சுங்கம். நம் வீட்டார் ரியாத்திலும் மஸ்கட்டிலும் ஏறி இறங்குகிற படிகளின் மறுபக்கம் இது. இங்கே ஒரு எழுத்தர் ஒரு நாள் கோப்பை வைத்துவிட்டால் அங்கே ஒரு வீட்டில் ஒரு நாள் கூடும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டைக்குள் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் துணி வணிகத்துக்கு வந்து இங்கேயே மாண்ட டச்சுக்காரர்களும் அவர்களின் குடும்பத்தாரும் அங்கே கிடக்கிறார்கள். அன்று கப்பலுக்கு மாதக்கணக்கில் பயணம். உடலைக் கொண்டுபோவது என்ற பேச்சே எழவில்லை. இறந்த செய்தியே அடுத்த கப்பலில்தான் போயிருக்கும். இறந்தவரின் உடலை நாடு விட்டு நாடு கொண்டுபோகப் பன்னாட்டு அளவில் ஒரு பொது ஏற்பாடு எழுதியதே 1937இல், பெர்லினில். சவத்துக்கென்று தனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அது விதித்தது.

கடல் வழியாக உடல் வருவது தமிழ்நாட்டுக்கு இன்றும் பழைய கதை ஆகிவிடவில்லை. 2021 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன நான்கு மீனவர்கள் இலங்கைக் கடற்படையின் ரோந்துக் கப்பலோடு ஏற்பட்ட மோதலில் இறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் உடற்கூறாய்வு முடிந்து, நடுக்கடலில், இரு நாட்டு எல்லைக் கோட்டில் உடல்கள் கைமாறி, 23ஆம் தேதி கரை சேர்ந்தன. விமானமும் ஏர்வே பில்லும் இல்லாவிட்டாலும், கேள்விகள் அதேதான். எப்படி இறந்தார்? யார் சொல்வதை நம்புவது?

அந்தச் சந்தேகம் வளைகுடாப் பெட்டிகளோடும் வருகிறது. ‘தற்கொலைன்னு எழுதியிருக்காங்க, எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்ல’ என்று கதறும் தாய்மார்கள் உண்டு. இங்கே மறு உடற்கூறாய்வு கேட்கலாம், நீதிமன்றத்தை நாடலாம். எலும்பு முறிவு, வெட்டுக் காயம், கழுத்துத் தடம் போன்றவை எம்பாமிங்குக்குப் பிறகும் தெரியும். ஆனால் ஃபார்மலின் ஏறிய உடலில் மது, சயனைடு போன்றவற்றைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆகவே சந்தேகம் இருந்தால், உடல் வந்தபின் சண்டை போடுவதைவிட, எம்பாமிங்குக்கு முன்பே தூதரகத்துக்கு எழுதி, அங்கேயே முழு உடற்கூறாய்வு கேட்க வேண்டும். இந்த ஒரு தகவல் தெரியாமல் உண்மையை இழந்த குடும்பங்கள் பல.

அடக்கம் முடிந்த பிறகும் காகிதம் விடுவதில்லை. வெளிநாட்டில் நடந்த இறப்புக்கு ஊராட்சியோ நகராட்சியோ சான்றிதழ் தர இயலாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன் 20ஆம் பிரிவின்படி, இந்தியத் தூதரகத்தில் பதிந்ததே இங்கும் செல்லும். தூதரகச் சான்றின் மூலப்படியைப் பெட்டியோடு வந்த கோப்பிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, பட்டா மாற்றம் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, விபத்தென்றால் இழப்பீடு ஆகியவை தனியாக நடக்கும் வழக்குகள். அவை ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். உடலைப் பெறும் அவசரத்தில் ‘பாக்கி எதுவும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவை எல்லாம் போய்விடும். மதத் எண்ணைத் தூக்கிப் போட்டுவிடாமல் இருப்பது அந்தக் காலத்தில் உதவும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியது ஒரு மாலைப்பொழுது வேலை. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், இக்காமா என்கிற வசிப்பு அட்டை அல்லது ஒர்க் பெர்மிட், முதலாளியின் பெயரும் தொலைபேசியும், அறைத் தோழர் இருவரின் எண்கள் ஆகியவற்றின் படிகள் வீட்டில் இருக்க வேண்டும். பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு முறைப்படி குடிபெயர்வு அனுமதி பெற்றுப் போனால், பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தால் 10 லட்சம். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்கிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் இறந்தால் முதலாளி என்று சொல்லவே ஆள் இருக்காது. அந்த வழியில் அனுப்பும் முகவர்கள் இதை ஒருபோதும் சொல்வதில்லை.

மங்காஃப் உடல்கள் இரண்டு நாளில் வந்தன. அது முடியும் என்று தெரிந்துவிட்ட பிறகு, ஒற்றை ஆளாக இறந்தவருக்கு ஏன் முடியவில்லை என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு குடும்பத்துக்கும் வந்துவிட்டது. விமானப்படை விமானம் வேண்டாம். செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில், இறந்த செய்தி வந்த அன்றே அந்த வீட்டுக்குப் போய், வாரிசு யார் என்று எழுதி வாங்கி, நோட்டரியை வீட்டுக்கே அழைத்துவந்து, அன்று மாலைக்குள் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஒரு வருவாய் ஆய்வாளர் போதும். பெயர், செல்பேசி எண், இரவிலும் எடுக்கும் கடமை ஆகியவற்றோடு அவரை நியமிக்க ஓர் அரசாணை எழுத வேண்டும். பெட்டிகள் வந்து இறங்குகிற மாவட்டம் இது. அந்த அரசாணையை முதலில் கேட்க வேண்டியவர்களும் இந்த மாவட்டத்து மக்களே.